அளவையாகுபெயரும் பால் கணக்கும்

அளவையாகுபெயரை எண்ணல், எடுத்தல், முகத்தல், நீட்டல் என நான்காகப் பகுத்து மாணவர்க்குக் கற்பிக்கிறோம். சுங்கை வேயில் ஒருவர் மளிகைக் கடைக்குச் சென்று, "இரண்டு கிலோ கொடுங்கள்" என்று கேட்கிறார். கிலோ என்னும் நிறைப்பெயர் அங்கே அரிசிக்கு ஆகி வந்தது. ஆதலின் அஃது எடுத்தலளவையாகுபெயர் என்று விளக்குகிறோம். கேட்டவர் அரிசி என்ற சொல்லையே சொல்லவில்லை. ஆயினும் கடைக்காரர் பருப்பை நிறுத்துக் கொடுத்துவிடுவதில்லை. கேட்டவர் நிற்பது அரிசி மூட்டையின் முன்னர் என்பதை இருவரும் அறிவர். சொல்லாமல் விட்டதை இடமும் காலமும் சொல்லிவிடுகின்றன.

அவ்விரு சொற்களை மட்டும் ஒரு தாளில் எழுதி வைத்து, ஐம்பது ஆண்டு கழித்து வேறொருவர் கையில் கொடுப்பதாகக் கொள்வோம். இரண்டு கிலோ எது? நிறுத்தவர் யார்? எந்தத் தராசில் நிறுத்தார்? சாக்கோடு நிறுத்தாரா, சாக்கு நீக்கி நிறுத்தாரா? தாள் விடை சொல்லாது. ஆகுபெயர் எதிரெதிரே நிற்பார்க்குப் பொருந்திய வழக்கு. நெடுந்தொலைவு செல்லும் எண்ணுக்கு அது போதாது. அவ்வெண்ணோடு மூன்று துணைகள் செல்லவேண்டும். முதலாவது அலகு. இரண்டாவது, உண்மை அளவு இதற்கு எவ்வளவு கூடியோ குறைந்தோ இருக்கக்கூடும் என்று காட்டும் ஐயவரம்பு. மூன்றாவது, எதனை, யார், எப்பொழுது, எம்முறையால் அளந்தார் என்னும் உடன்குறிப்பு. கணினித் துறையினர் இதனை மீத்தரவு என வழங்குவர். இம்மூன்றன் இன்றியமையாமையை நம்மவர் வாழ்வோடு பின்னிக் கிடந்த பால்மரக் கணக்கைக் கொண்டே காண்போம்.

ஏட்டில் ஓர் எண்

இன்று சுங்கை வே என்றால் நெடுஞ்சாலையும் தொழிற்சாலைகளும் நினைவுக்கு வரும். 1970-களில் இங்கு அமைந்த தடையற்ற வாணிக வட்டாரத்தில் மின்னணுத் தொழிற்சாலைகள் எழுந்தன. அதற்கு முன்னர்க் கிள்ளான் பள்ளத்தாக்கின் பெரும்பகுதி ரப்பர்த் தோட்டங்களாகவும் ஈயச் சுரங்கங்களாகவும் இருந்தது. விடியற்காலையில் பிரட்டுக்கு நின்று, மரம் சீவி, மங்கில் வடிந்த பாலை வாளியில் சேர்த்து, காண்டாக் கம்பில் தோளேற்றிக் கொட்டாய்க்குக் கொணர்ந்து நிறுவைக்கு நின்றவர்களுள் மிகப் பலர் தமிழர். அவர்கள் பெயரும், பாலின் அளவும், கூலியும் கிராணியின் ஏட்டில் நாள்தோறும் ஏறின. தோட்டங்கள் பல மறைந்தன. அங்கு வாழ்ந்தோர் வரலாற்றை எழுதப் புகுவார்க்கு அத்தகைய ஏடுகள் அரிய சான்றுகள்.

அப்படிப்பட்ட ஏடு ஒன்று கிடைத்து, அதனைக் கணினி அட்டவணையில் ஏற்ற ஓர் இளைஞர் முற்படுவதாகக் கொள்வோம். ஒரு பெண்ணின் பெயருக்கு நேரே, ஒரு நாளின் கட்டத்தில், '32' என்று எழுதப்பட்டுள்ளது. இளைஞர் பிழையின்றி 32 என்றே பதிவு செய்கிறார். அவர் வரலாற்றைப் பதிவு செய்துவிட்டாரா? இல்லை, இரண்டு இலக்கங்களைப் படியெடுத்தார், அவ்வளவே.

அலகு

முதல் வினா, முப்பத்திரண்டு என்ன என்பது. மலாயாவில் ஒரே காலத்தில் பல நிறையளவுகள் வழங்கின. ஆங்கிலேயர் தோட்டங்களில் இராத்தல் வழங்கிற்று. சிறு தோட்டக்காரரும் சீன வணிகரும் காட்டியும் பிக்குலும் வழங்கினர். பதினாறு தாயில் ஒரு காட்டி. நூறு காட்டி ஒரு பிக்குல். ஒரு காட்டி ஒன்றேகால் இராத்தலுக்குச் சற்று மிகுந்தது. திட்டமாகச் சொன்னால் ஒன்றே மூன்றிலொரு பங்கு இராத்தல், அஃதாவது ஏறத்தாழ 605 கிராம். 1972-ஆம் ஆண்டில் இயற்றிய நிறை, அளவைச் சட்டத்தின் பின்னரே மெட்ரிக் முறை படிப்படியாக இந்நாட்டில் நிலைபெற்றது. எனவே நம் ஏட்டிலுள்ள 32 இராத்தலாயின் அது 14.5 கிலோ, காட்டியாயின் 19.4 கிலோ, கிலோவேயாயின் 32. சிறுமத்தைக் காட்டிலும் பெருமம் இருமடங்குக்கும் மேற்பட்டது. அவள் உழைப்பை இருமடங்காக்கவும் பாதியாக்கவும் ஓர் அலகின்மை போதும்.

'டன்' என்னும் சொல்லும் இவ்வாறே ஏமாற்றும். பழைய ரப்பர் ஏற்றுமதிக் கணக்குகளில் வரும் பிரித்தானிய டன் 2,240 இராத்தல், அஃதாவது 1,016 கிலோ. அமெரிக்கர் வழக்கிலுள்ளது 2,000 இராத்தல், அஃதாவது 907 கிலோ. மெட்ரிக் டன் 1,000 கிலோ. தமிழில் மூன்றுக்கும் ஒரே சொல். ஆதலின் எந்த டன் என்று குறியாமல் இரு நூற்றாண்டுக் கணக்குகளை ஒரே வரிசையில் நிறுத்துவோர், விளைச்சல் கூடிற்று என்றோ குறைந்தது என்றோ தவறாக முடிவு செய்ய நேரும்.

இப்பிழை ஏட்டளவில் நின்றுவிடுவதன்று. 1983-ஆம் ஆண்டு சூலை 23-ஆம் நாள், கனடா நாட்டு வானூர்தியொன்று மாண்ட்ரியலிலிருந்து எட்மண்டனுக்குப் புறப்பட்டது. பயணத்துக்கு வேண்டிய எரிபொருள் 22,300 கிலோ. தொட்டியில் எஞ்சியிருந்ததை லிட்டரில் அளந்து நிறையாக மாற்றும்போது, 1.77 என்ற எண்ணால் பெருக்கினர். அது ஒரு லிட்டர் எரிபொருள் எத்தனை இராத்தல் என்பதைக் காட்டும் எண். கிலோவுக்கு உரியது ஏறத்தாழ 0.8. அந்த 1.77-க்கு அருகில் அலகு நிற்கவில்லை. அதனால் வந்த விடையைக் கிலோ என்றே எல்லாரும் கொண்டனர். வேண்டியதிற் பாதிக்கும் குறைந்த எரிபொருளோடு எழுந்த வானூர்தி நடுவானில் வறண்டு, கிம்லி என்னும் ஊரில் கைவிடப்பட்டிருந்த படைத்தளத்தில் சறுக்கி இறங்கிற்று. உயிர்ச்சேதம் நேராதது விமானியின் திறத்தால். கணக்கின் திறத்தால் அன்று.

எதன் நிறை?

அலகு தெரிந்தது, காட்டி என்றே கொள்வோம். இரண்டாம் வினா, எதன் முப்பத்திரண்டு காட்டி என்பது. மரத்திலிருந்து இறங்கிய பாலா? மங்கில் உறைந்த கட்டிப்பாலா? வெட்டில் ஒட்டிக் காய்ந்த ஒட்டுப்பாலா? அல்லது பாலிலிருந்து கணக்கிட்ட உலர்ந்த ரப்பரா? மரப்பாலில் பெரும்பகுதி நீர். உலர் ரப்பர் நூற்றுக்கு முப்பது முதல் நாற்பது பங்கு இருத்தல் பொதுவியல்பு. மரத்தின் இனம், பருவம், சீவும் முறை ஆகியவற்றால் அது மாறும். முப்பத்திரண்டு காட்டிப் பாலுக்கும் முப்பத்திரண்டு காட்டி உலர் ரப்பருக்கும் இடையே ஏறத்தாழ மூன்று மடங்கு வேற்றுமை உண்டு. இங்கே அலகு ஒன்றே, பொருள் வேறு. இந்த வேற்றுமையை அலகு காட்டாது; உடன்குறிப்புத்தான் காட்டும்.

வெற்றுக் கட்டமும் அவ்வாறே. ஒரு நாள் கட்டத்தில் ஒன்றும் எழுதவில்லையாயின், அன்று மழையால் சீவவில்லையா, அவள் வேலைக்கு வரவில்லையா, வந்தும் பால் இல்லையா, கிராணி எழுத மறந்தாரா? இந்நான்கையும் கணினியில் சுழியம் என்று பதிவோர், நான்கு வேறு செய்திகளை ஒரே பொய்யாக ஆக்கிவிடுகின்றனர். இல்லை என்பது வேறு. தெரியவில்லை என்பது வேறு. தமிழுக்கு இந்த வேற்றுமை நன்கு தெரியும்; அட்டவணைக்கும் அதனை நாம் கற்பிக்க வேண்டும்.

ஐயவரம்பு

மூன்றாம் வினா, அந்த எண்ணை எவ்வளவு நம்பலாம் என்பது. அளவை என்பது மனிதன் கருவி கொண்டு செய்வது. ஆதலின் முற்றும் துல்லியமான அளவை உலகில் இல்லை. தோட்டங்களில் பாலின் உலர் ரப்பரை விரைந்து அறிய மெட்ரோலாக் என்னும் மிதப்புமானியைப் பயன்படுத்தினர். ஒரு பங்கு பாலோடு இரண்டு பங்கு நீர் கலந்து, மானியை மிதக்கவிட்டு, மட்டத்திற் காணும் எண்ணை மூன்றால் பெருக்குவது வழக்கம். படிப்பதில் நேரும் சிறு பிழையும் அப்பெருக்கலில் மும்மடங்காகும். வெப்பநிலை மாறினாலும், நுரை படிந்தாலும், நீர் சற்றுக் கூடினாலும் எண் மாறும். ஆய்வுக்கூட முறையோ வேறு. சிறிது பாலை நிறுத்து, காடிநீர் இட்டு உறையச் செய்து, மெல்லிய தகடாக அழுத்தி, 70 பாகை வெப்பத்தில் உலர்த்தி, மீண்டும் நிறுப்பர். இது நேரம் கொள்ளும், நம்பகம் மிகும்.

ஒரு கணக்கிட்டுப் பார்ப்போம். ஒருவர் நாளொன்றுக்கு 30 கிலோ பால் கொணர்கிறார். உலர் ரப்பர் நூற்றுக்கு 33 என்று மானி காட்டுகிறது. எனவே அவர் கணக்கில் 9.9 கிலோ ஏறுகிறது. மானியின் ஐயவரம்பு நூற்றுக்கு 2 பங்கு மேலோ கீழோ என்றால், அந்த 9.9-இல் 0.6 கிலோ ஐயத்துக்குரியது. மாதத்தில் 26 நாள் வேலை. பிழை ஒரு நாள் கூடியும் ஒரு நாள் குறைந்தும் தற்செயலாக வருமாயின், அவை பெரும்பாலும் ஒன்றையொன்று ஈடு செய்துவிடும். அப்போது மாத மொத்தத்தின் ஐயம் 26-இன் இருபடி மூலத்தால், அஃதாவது ஐந்துக்குச் சற்று மிகுந்த எண்ணால், 0.6-ஐப் பெருக்கிக் கிடைப்பது. ஏறத்தாழ 3 கிலோ. 257 கிலோ மொத்தத்தில் அது சிறிது.

ஆனால் மானியே பழுதுற்று, நாள்தோறும் இரண்டு பங்கு குறைத்தே காட்டுமாயின்? அப்போது ஈடு செய்தல் இல்லை. நாளுக்கு 0.6 கிலோ வீதம் மாதத்தில் 15.6 கிலோ அவர் கணக்கில் ஏறாமற் போகும். ஒன்றரை நாள் உழைப்புக்கும் மிகுதியானது அது. உலர் நிறைக்கேற்பக் கூலியின் ஒரு பகுதி அமையும் இடத்தில், அது அடுப்பில் ஏறாத அரிசி. யாரும் பொய் எழுதவில்லை. கிராணி கண்டதையே எழுதினார். பிழை கருவியில் இருந்தது. தற்செயற் பிழையைப் பலமுறை அளந்து குறைக்கலாம். நிலைப்பிழையைப் பலமுறை அளந்தாலும் குறைக்க இயலாது. கருவியை நம்பத்தக்க வேறொன்றோடு ஒப்பிட்டுத் திருத்தியே நீக்க வேண்டும். ஆதலின், எந்தக் கருவி, கடைசியாக எப்போது ஒப்பிடப்பட்டது என்னும் உடன்குறிப்பு கூலிக்காரனுக்கு உரிய நீதியின் ஒரு பகுதி.

இவ்வொப்பீட்டுக்கு ஒரு கால்வழி உண்டு. கடைத் தராசின் முத்திரைக்கு மேல் சோதனையாளரின் எடைக்கல். அதற்கு மேல் சிப்பாங்கிலுள்ள தேசிய அளவியல் நிலையத்தின் படித்தரம். அதற்கும் மேல் உலகப் பொது வரையறை. மலேசியா 2001-ஆம் ஆண்டில் மீட்டர் உடன்படிக்கையில் உறுப்பு நாடாயிற்று. 1889 முதல் பாரிசு நகரை அடுத்துக் காத்து வைத்த பிளாட்டின, இரிடிய உருளையே கிலோவாக இருந்தது. 2019 மே 20 முதல் பிளாங்க் மாறிலி என்னும் இயற்கை அளவைக் கொண்டு கிலோ வரையறுக்கப்படுகிறது. ஓர் உருளை தேயலாம்; இயற்கையின் மாறிலி தேயாது என்பது கருத்து.

கண்ணளவும் கருவியளவும்

ரப்பர் வாணிகமே இந்த உண்மையைப் பட்டறிந்து கற்றது. முற்காலத்தில் புகையிட்ட ரப்பர்த் தகடுகளைத் தூக்கி வெளிச்சத்திற் பிடித்து, நிறம், குமிழி, பூஞ்சை ஆகியவற்றைக் கண்ணாற் கண்டே முதல் தரம், இரண்டாம் தரம் என்று பிரித்தனர். தேர்ந்த கண்ணுக்கு மதிப்பு உண்டு. எனினும் கிள்ளான் துறைமுகத்தில் ஒருவர் கண்டது இலண்டனில் மற்றொருவர்க்கு வேறாகத் தோன்றலாம். இதற்கிடையில் செயற்கை ரப்பர் செய்வோர் தம் சரக்கின் இயல்புகளை எண்ணால் எழுதிக் கொடுத்து விற்றனர். அப்போட்டியை எதிர்கொள்ள 1965-ஆம் ஆண்டில் மலேசியத் தர ரப்பர்த் திட்டம் தொடங்கிற்று. 1925-இல் தோன்றிய ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தின் பல்லாண்டு உழைப்பு அதற்கு அடிப்படை. அக்கழகம் 1998-இல் மலேசிய ரப்பர் வாரியத்தில் இணைந்தது.

இத்திட்டத்தில் ரப்பரின் அழுக்கு, சாம்பல், ஆவியாகும் பொருள், நைட்ரஜன், நெகிழ்மை ஆகியன சோதித்து எழுதப்படும். அழுக்கு என்பதற்கு அங்கே நாம் வழங்கும் பொருளன்று. ரப்பரைக் கரைத்து வடிக்கும்போது, ஏறத்தாழ 44 மைக்ரான் கண்ணுள்ள சல்லடையில் தங்குவது எதுவோ அதுவே அழுக்கு. அதனினும் நுண்ணிய மண்துகள் சல்லடையைக் கடந்துவிடின், அக்கணக்கில் அஃது அழுக்கு ஆகாது. முறையைச் சொல்லாமல் அழுக்கு இத்தனை என்று மட்டும் சொன்னால் பொருளில்லை என்பது இதனால் விளங்கும்.

மற்றொன்றும் கவனிக்கத்தக்கது. நூற்றுக்கு 0.20 பங்குக்கு மேல் அழுக்கு இருத்தலாகாது என்று வரையறுத்த தரத்துக்கு '20' என்று பெயரிட்டனர். பின்னர் வந்த திருத்தத்தில் வரம்பை 0.16 ஆகக் குறைத்தனர். பெயரோ 20 என்றே நின்றுவிட்டது. ஆகவே 1960-களின் '20' வேறு. இன்றைய '20' வேறு. பெயரைக் கண்டு எண்ணைக் கொள்வோர் ஏமாறுவர். எந்த ஆண்டு வரையறையின்படி என்று எழுதுவதும் உடன்குறிப்பின் கடமை.

முன்னோர் வழி

இவையெல்லாம் மேனாட்டார் நமக்குக் கற்பித்த புதுமை என்று எண்ணவேண்டுவதில்லை. அளவுப்பெயர்க்கும் நிறைப்பெயர்க்கும் மொழிமுதலாய் வரும் எழுத்துக்கள் ஒன்பது என்று தொல்காப்பியர் வரையறுத்தார்; எண், நிறை, அளவு என்னும் மூன்றையும் புணர்ச்சி விதிகளிலேயே வேறு பிரித்துக் கண்டார். தஞ்சைப் பெருவுடையார் கோயிற் கல்வெட்டுக்களைக் காண்க. முதலாம் இராசராசன் அளித்த பொன் ஆடவல்லான் என்னும் கல்லாலும், மணிகள் தட்சிணமேரு விடங்கன் என்னும் கல்லாலும் நிறுக்கப்பட்டன என்று அவை கூறும். நெல்லை அளந்தது ஆடவல்லான் என்னும் மரக்கால். அது இராசகேசரி மரக்காலோடு ஒக்கும் என்பதும் பொறிக்கப்பட்டுள்ளது. அணிகலன்களைச் சரடு நீக்கி நிறுத்தமையையும் கல்வெட்டு மறவாது சொல்லும்.

அலகு உண்டு, கருவியின் பெயர் உண்டு, அக்கருவி எதனோடு ஒக்கும் என்னும் கால்வழி உண்டு, எதனை நீக்கினர் என்னும் உடன்குறிப்பும் உண்டு. ஆயிரம் ஆண்டு கழித்து வரும் நமக்கு அந்த எண்கள் இன்றும் பேசுவது இதனாலேயே. ஐயவரம்பு ஒன்றே அவர்கள் எழுதாதது. அதனை எண்ணால் எழுதும் முறை பிற்காலத்தது.

ஆசிரியர் செய்யத்தக்கது

நம் இளைஞர் அந்த ஏட்டை இனி எவ்வாறு பதிவு செய்யவேண்டும்? ஏட்டில் உள்ளபடி 32 என்பதை ஒரு கட்டத்தில் மாற்றாமல் வைக்கவேண்டும். அடுத்த கட்டத்தில் காட்டி என்னும் அலகு. அது ஏட்டிலேயே எழுதப்பட்டதா, இவர் ஊகித்ததா என்பது வேறொரு கட்டத்தில். பின்னர்ப் பொருள், அளந்த முறை, நாள். நாளை எழுதும்போது 3-7 என்று விடாமல் மாதத்தைப் பெயரால் எழுதுதல் நன்று. இறுதியில் மாற்றிய நிறை. 32 காட்டியைப் பெருக்கினால் கணினி 19.3533 என்று காட்டும். அதனை அப்படியே எழுதுவது அறியாமை. கிராணி முழுக் காட்டியாகவே எழுதியிருந்தால், உண்மை நிறை அரைக் காட்டி கூடியோ குறைந்தோ இருந்திருக்கும். எனவே 19.4 கிலோ, ஐயவரம்பு 0.3 கிலோ என்று எழுதுவதே மெய். தெரியாத நுட்பத்தைத் தெரிந்ததுபோற் காட்டும் இலக்கங்களும் பொய்யே.

வகுப்பிலும் இதனைத் தொடங்கலாம். ஒரே மேசையின் நீளத்தை ஒவ்வொரு மாணவனும் தனித்தனியே அளந்து கரும்பலகையில் எழுதட்டும். முப்பது பேர் எழுதினால் விடை ஒன்றாக இராது. 'எது சரி?' என்று அவர்கள் கேட்பர். அக்கேள்வியே பாடம். பிறகு ஓர் அடிக்கோலின் தேய்ந்த முனையைக் காட்டி, அதனால் அளந்தவர் அனைவரும் ஒரு பக்கமாகவே பிழைத்ததை எடுத்துக்காட்டலாம். தற்செயற் பிழையும் நிலைப்பிழையும் சூத்திரமின்றியே விளங்கிவிடும். அலகின்றி விடை எழுதும் மாணவனுக்கு முழு மதிப்பெண் கொடுக்கும் இரக்கம் அவனுக்கு உதவியாகாது. சுங்கை வேத் தொழிற்சாலையில் நாளை அவன் வேலைக்குச் சேர்வானாயின், அங்கே ஒரு வரைபடத்தில் 25 என்று மட்டும் இருந்தால் யாரும் வேலையைத் தொடங்கார். மைக்ரானா மில்லிமீட்டரா, எவ்வளவு கூடலாம், எவ்வளவு குறையலாம் என்று முதலிற் கேட்பர்.

நுண்கருவி செய்யும் ஆலைக்கு இவ்வளவு கவனம் வேண்டுமாயின், மரம் சீவிய கைகளின் கணக்குக்கு அதனிற் குறைந்த கவனம் போதும் என்று எவ்வாறு சொல்வது? நிறுவைக் கொட்டாயில் நின்ற அப்பெண்ணுக்கு அந்த 32 என்னவென்று தெரியும், கிராணிக்கும் தெரியும். இருவரும் எதிரெதிரே நின்றதால் எழுத வேண்டியதில்லை என்று விட்டனர். இன்று அவ்விருவரும் அங்கு இல்லை. அவர்கள் சொல்லாது விட்டதைத் தேடி எண்ணின் அருகே எழுதி வைக்கும் கடமை, ஏட்டைக் கையில் எடுப்பவருடையது.